எங்கள் குழுவுக்கு நடத்துநர் இல்லை

1

எங்கள் குழுவுக்கு இந்த மாதத்தோடு எட்டு வயது முடிகிறது. திருப்பதி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலின் மாடியில் மூன்று பேர், நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்தில் என் சமையலறை மேசையில் நான் ஒருத்தி. மாதத்தின் முதல் சனிக்கிழமை, இந்திய நேரம் மாலை நாலு மணி. நால்வருக்கும் தொழில் ஒன்றுதான். கம்பெனிக்கு ஆள் எடுப்பது, எடுத்த ஆளை நிலைக்கவைப்பது, சில சமயம் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பது. ஊரில் அதை எச்.ஆர். என்பார்கள்.

இத்தனை வருடத்தில் நாங்கள் பேசியதை யாரும் எழுதி வைத்ததில்லை. இப்போது நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், பிப்ரவரியில் வந்த ஒரு படிவம்.

இங்கே என் வேலைக்கு ஜாப் கோச் என்று பெயர். புதிதாக இந்த நாட்டுக்கு வந்தவர்களோடு உட்கார்ந்து, என்ன வேலைக்குப் போகலாம், போன இடத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கலாம் என்று பேசி வழி தேடுவது. மூன்று வருடமாகச் செய்கிறேன். தொழில்முறைப் பதிவு இருந்தால்தான் ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியும், ஜூன் மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பயிற்சிச் சான்றிதழ் இருந்தது. வேலை பார்த்த மணிக்கணக்கு இருந்தது. மூன்றாவதாக ஒன்று கேட்டார்கள்: மூன்று வருட 'இன்டர்விஸி'.

ஒரே தொழிலில் இருப்பவர்கள் நாலைந்து பேர் கூடி உட்காருவார்கள். ஒருவர் தன் வேலையில் சிக்கிக்கொண்ட விஷயத்தைச் சொல்வார். மற்றவர்கள் புத்தி சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டு அவரையே வழி கண்டுபிடிக்க வைப்பார்கள். டச்சுக்காரர்கள் இதைத்தான் இன்டர்விஸி என்கிறார்கள். இதை முதன்முதலில் எனக்கு ஓர் அதிகாரி பத்து நிமிடம் விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கள் 'சனிக்கிழமை டீ' ஆயிற்றே!

அலுவலகக் குழுவில் எனக்கு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மீதி இரண்டு வருடத்துக்குத் திருப்பதியைத்தான் காட்டவேண்டும். படிவத்தைக் கணினியில் திறந்தேன். பக்கத்தில் என் மகள் ஹரிணி, பதின்மூன்று வயது, என் டச்சு இலக்கணத்தைத் திருத்துவதற்காக.

"குழுவின் பெயர் கேக்கறாங்கம்மா."

"சனிக்கிழமை டீ."

அவள் தட்டச்சு செய்யாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சீரியஸா?"

"வாட்ஸ்அப்ல அதான் பேரு."

அடுத்த கட்டம்: நடத்துநர் பெயர். அதற்கடுத்தது: நடத்துநரின் பதிவு எண். அடுத்து: கையொப்பமிட்ட வருகைப் பட்டியல். நடத்துநர் என்றதும் எனக்குச் சித்தூர் பஸ்ஸில் விசிலோடு நிற்பவர்தான் நினைவுக்கு வந்தார். எங்கள் குழுவில் அப்படி யாரும் இல்லை. வருகைப் பட்டியலும் இல்லை. காலியாக விட்டு அனுப்ப முயன்றால் சிவப்பு எழுத்தில் 'கட்டாயம்' என்று வந்தது.

2

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் நான் எச்.ஆர். பிரிவில் இருந்தேன். காலையில் சத்தியவேட்டிலிருந்து கம்பெனி பஸ். பக்கத்துத் தொழிற்சாலையில் அதே வேலையில் இருந்த ஜோதியும் சில நாள் எங்கள் நிறுத்தத்தில்தான் நிற்பாள். அறிமுகம் என்றால் அவ்வளவுதான், பார்த்தால் சிரிப்பது.

ஒரு நாள் நான் ஒரு பெண் தொழிலாளிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். முனியம்மா என்று பெயர். ஒரே மாதத்தில் பதினோரு நாள் தாமதம். அவர் கடிதத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். "நீ இன்னா பண்ணுவ, உன் வேலை அது" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஜோதி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். கொட்டிவிட்டேன்.

அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தம்மா ஊட்ல இருந்து எப்பிடி வருது, தெரியுமா உனக்கு?" என்றாள்.

எனக்குத் தெரியாது.

"தெரிஞ்சிக்கினு வா. நாளைக்குப் பேசலாம்."

மறுநாள் கேட்டேன். முனியம்மா ஊரிலிருந்து சத்தியவேட்டுக்கு வரும் முதல் ஊர் பஸ், எங்கள் கம்பெனி பஸ் கிளம்பும் அதே நேரத்தில்தான் வந்து சேர்கிறது. ஐந்து நிமிடம் தள்ளி வந்தால் கம்பெனி பஸ் போய்விடும். அப்புறம் ஷேர் ஆட்டோதான். பதினோரு நாளும் அப்படித்தான். நான் அவருடைய ஷிப்டை மாற்றுவதற்கு மேலாளரிடம் போய்ப் பேசினேன். அதைவிடச் சுலபமாக, கம்பெனி பஸ்ஸைப் பத்து நிமிடம் தள்ளிக் கிளம்பச் சொல்லிவிட்டார் அவர். அந்த மாதம் தாமதமாக வந்தவர்களின் பட்டியல் பாதியாகிவிட்டது. முனியம்மா ஒருத்தர் மட்டுமில்லை என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தில் ஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாசத்துக்கு ஒருக்கா இந்த மாரி உக்காந்து பேசலாமா?" என்று கேட்டேன்.

"உக்காரலாம். டீ இருக்கணும்" என்றாள்.

3

மற்ற இரண்டு பேரும் எங்களுக்குக் கிடைத்தது திருப்பதியில் தொழிலாளர் சட்டம் பற்றி நடந்த ஒரு நாள் பயிற்சியில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சட்டப்பிரிவுகளை ஒருவர் திரையில் வரிசையாகக் காட்டிக்கொண்டே போனார். தூக்கம் தாங்காமல் நானும் ஜோதியும் நழுவி வெளியே டீக்கடைக்கு வந்தால், அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் நழுவி வந்திருந்தார்கள்.

ஒருவர் தாமோதரன். நகரிக்காரர், வீட்டில் எல்லோரும் தறிக்காரர்கள். இவர் மட்டும் புத்தலப்பட்டுப் பக்கம் மாம்பழக் கூழ் தயாரிக்கும் தொழிற்சாலையில் எச்.ஆர். பேசினால் நாலு கடைக்குக் கேட்கும். இன்னொருவர் வரதன். திருப்பதியில் பரம்பரையாகக் கோயில் கைங்கர்யம் செய்யும் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் திருமலையில். வரதன் சார் பல வருடம் கம்பெனிகளில் இருந்துவிட்டு, அப்போது புதிதாகத் தனியாக மேலாளர்களுக்குக் கோச்சிங் கொடுக்கத் தொடங்கியிருந்தார். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் தாமோதரன் இரண்டு டீ குடித்துவிடுவார்.

நாங்கள் நால்வரும் அன்று பயிற்சிக்குத் திரும்பிப் போகவே இல்லை.

சத்தியவேட்டுக்கும் புத்தலப்பட்டுக்கும் நடுவில் என்று பார்த்தால் திருப்பதிதான் தோதான இடம். சனிக்கிழமை என்றால் ஊரே கூட்டத்தில் திணறும், அதுவும் புரட்டாசியில் பஸ் ஏறவே முடியாது. அந்த மாதம் மட்டும் சத்தியவேட்டுக்கு இடத்தை மாற்றிக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் ஒருவர் தன் கேஸைச் சொல்லவேண்டும். மற்றவர்கள் கேள்விதான் கேட்கவேண்டும். புத்தி சொன்னவர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ வாங்கி வரவேண்டும். முதல் வருடம் முழுவதும் டீ வாங்கி வந்தது பெரும்பாலும் தாமோதரன்தான். "கேள்வி மாரிதானே கேட்டேன்? 'அவனை வேலைய உட்டுத் தூக்கக்கூடாதா'ன்னு கேள்விதானே?" என்று படிக்கட்டில் இறங்கும்போதும் வாதாடிக்கொண்டே போவார்.

4

என் கணவர் முரளிக்கு ஐந்தோவனில் வேலை கிடைத்து நாங்கள் கிளம்பியபோது ஹரிணிக்கு ஏழு வயது. எனக்கு இங்கே வேலை இல்லை. மொழி தெரியாது. ஊரில் ஐந்நூறு பேருடைய விடுப்பும் சண்டையும் சம்பளச் சிக்கலும் என் மேசைக்கு வந்து போகும். இங்கே என் பெயரையே நகராட்சிக்காரர் மூன்று தடவை எழுத்துக்கூட்டச் சொன்னார். ஹரிணி மூன்றே மாதத்தில் பள்ளியில் சிநேகிதிகளோடு கலந்துவிட்டாள். அவள் அப்பாவை 'நைனா, நைனா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, அவளுடைய ஆசிரியை ஒரு வருடம் முரளியை 'மிஸ்டர் நைனா' என்றே அழைத்து வந்தார். முரளி திருத்தவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது.

குழுவில் நான் போன் வழியாகச் சேர்ந்துகொண்டேன். ஓட்டல் மேசையில் எவர்சில்வர் டம்ளர் மேல் போனைச் சாய்த்து வைப்பார்கள். அக்டோபர் கடைசியில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பது எனக்குத் தெரியாமல், ஒரு தடவை எல்லோரும் கலைந்து வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். சிரிக்க முடியாதது வேறொன்று. மற்ற மூவரும் கேஸ் கொண்டுவந்தார்கள், என்னிடம் கேஸே இல்லை. வேலையில்லாதவளுக்கு எச்.ஆர். குழுவில் என்ன இடம்? ஒரு சனிக்கிழமை, "நான் விலகிக்கறேன், வேற யாரையாவது சேத்துக்கங்க" என்று சொன்னேன்.

ஜோதி அசரவில்லை. "அக்கா, அதுதான் உன் கேஸு. ஸொல்லு."

வரதன் சார் நிதானமாக ஆரம்பித்தார். "ஹேமா, போன வாரம் யாராவது உங்களண்ட வந்து எதையாவது கேட்டாளா?"

யோசித்தேன். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த சிரியாக்காரப் பெண், வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று கேட்டிருந்தாள். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. கைச்சாடையில் ஒரு மணி நேரம் பேசினோம்.

"அந்த ஒரு மணி நேரம் எப்படி இருந்தது?"

நான் பதில் சொல்வதற்குள் தாமோதரன் குறுக்கே புகுந்தார். "அந்த மாரி பொம்பளைங்க அங்க எங்க கூடுறாங்க? நீ ஏன் அங்க போவல?"

இரண்டாவது கேள்வி புத்தி சொல்வதா, இல்லையா என்று பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் அவர்தான் டீ வாங்கப் போனார். நான் அடுத்த புதன்கிழமை நகர நூலகத்தில் நடக்கும் மொழிக் கூடத்துக்குப் போனேன். புதிதாக வந்தவர்கள் காபி குடித்தபடி டச்சு பேசிப் பழகும் இடம். அங்கே என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். இந்தியாவில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது, ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை 'கூடுகிறோம்' என்று சொல்ல நினைத்தேன். கூடுவதற்கு டச்சில் 'ஃபெர்ஹாதெரன்', மறப்பதற்கு 'ஃபெர்ஹேதன்'. வாயில் இரண்டாவதுதான் வந்தது. இந்தியாவில் நாலு பேர் இருக்கிறோம், ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை தவறாமல் மறந்துவிடுகிறோம் என்று பெருமையாகச் சொல்லி முடித்தேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

அந்த மேசையிலேயே மாதம் ஒரு முறை வேலை தேடுகிறவர்களை உட்காரவைத்து, ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்கிற எங்கள் முறையைத் தொடங்கினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் இப்போதைய அலுவலகம் என்னைக் கூப்பிட்டது.

5

படிவம் சிவப்பிலேயே நின்றதால் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். போனை எடுத்தவர் பொறுமையானவர். நடத்துநர் இல்லாத குழுவை ஏற்பதில்லை, ஆனால் விதிவிலக்காக மனு போடலாம், ஒரு மதிப்பீட்டாளர் பார்ப்பார் என்றார். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு கடிதம் எழுதவேண்டும். அதில் பாராட்டு இருக்கக்கூடாது, நடந்த ஒன்றை மட்டும் எழுதவேண்டும். டச்சு மொழிபெயர்ப்பு இணைக்கவேண்டும், வீட்டிலேயே மொழிபெயர்த்தால் போதும்.

குழுவில் செய்தி போட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. எட்டு வருடம் யாரும் யாரிடமும் சான்று கேட்டதில்லை.

ஐந்து நிமிடத்தில் தாமோதரன் குரல் செய்தி. "இன்னாம்மா இது, நம்ம குரூப்புக்கு கண்டக்டர் வேணுமாமா? டிக்கெட் குடுக்கவா? சரேலே, எழுதறேன். பாராட்டு வேணாம்னு ஸொன்னாங்களா? மொத மொறையா ஒரு ஆபீஸ் நல்ல விஷயம் ஸொல்லிக்கீது."

ஜோதி இரண்டே நாளில் ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டாள். வரதன் சார் அழகான ஆங்கிலத்தில் நாலு பக்கம். தாமோதரன் பத்து நாள் கழித்து, கோடு போட்ட தாளில் கையால் எழுதி, படம் பிடித்து அனுப்பினார். தெலுங்கில் எழுதியிருந்தார். பேச்செல்லாம் தமிழ் என்றாலும் அவர் படித்தது தெலுங்குப் பள்ளி. நானும் அப்படித்தான், தமிழ் எழுத்து எனக்கு வீட்டில் அம்மா சொல்லிக்கொடுத்தது.

6

ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் ஹரிணியும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். நான் தெலுங்கைப் படித்துத் தமிழில் சொல்லவேண்டும், அவள் அதை டச்சில் அடிக்கவேண்டும். அவளுக்கு இஷ்டமே இல்லை. பன்னிரண்டு மணிக்குச் சிநேகிதியோடு சைக்கிளில் எங்கேயோ போகவேண்டுமாம். இப்போதெல்லாம் என்னோடு பேசும்போது தமிழில் தொடங்கி டச்சில் முடிக்கிறாள். சில நாள் டச்சிலேயே தொடங்கி டச்சிலேயே முடிக்கிறாள். என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "அம்மா ஆட்களோடு பேசுவாங்க" என்பாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது, நானும் சொன்னதில்லை.

கடிதத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

எங்கள் தொழிற்சாலையில் மாம்பழ சீசனுக்கு மட்டும் பெண்களை வேலைக்கு எடுப்போம் என்று எழுதியிருந்தார் தாமோதரன். பழத்தின் தோல் சீவி, கொட்டை எடுக்கும் வேலை. அந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பத்து நாளில் நின்றுவிட்டார்கள். ஏன் என்று மேற்பார்வையாளர்களைக் கேட்டேன். சோம்பல் என்றார்கள். நானும் நம்பினேன். இதைச் சனிக்கிழமை குழுவில் சொன்னேன். வரதன் சார் ஒரு கேள்வி கேட்டார், ஜோதி இரண்டு கேட்டாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அப்போது ஹேமாவுக்கு அங்கே வேலை கிடையாது, போனில் பாதி நேரம் பேசவே மாட்டாள். அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: 'அவங்க கையைப் பாத்தீங்களா?'

நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். அப்படிக் கேட்டது எனக்கு நினைவே இல்லை.

"அப்புறம்?" என்றாள் ஹரிணி. அவள் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றிருந்தன.

அப்புறம் என்று தொடர்ந்தேன். திங்கட்கிழமை போய், வேலையை விட்டு நின்றுபோன ஒரு பெண்ணின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துக் கையைக் காட்டச் சொன்னேன். விரலிடுக்கெல்லாம் புண். நாங்கள் கொடுத்த கையுறை எல்லாம் ஆண்கள் அளவு. உள்ளே மாங்காய்ப் பால் போய்த் தேங்கும். கழற்றிப் போட்டு வெறும் கையில் செய்தால் மேற்பார்வையாளர் திட்டுவார். போட்டுக்கொண்டு செய்தால் கை வேகும். சின்ன அளவுக் கையுறை வரவழைத்தோம். நின்றவர்களில் நிறையப் பேர் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு இந்த வேலையில் யாரைப் பற்றி யார் புகார் சொன்னாலும், நான் முதலில் போய் அந்த ஆளுடைய கையைப் பார்க்கிறேன். இதுதான் நடந்தது. பாராட்டு எழுதக்கூடாது என்று சொன்னதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

ஹரிணி கடைசி வரியையும் அடித்து முடித்தாள். "மாங்காய்ப் பாலுக்கு டச்சில் சொல் கிடையாதும்மா" என்றாள். பிறகு, "உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எது?"

"கையில ப்ராப்ளம்னு."

"தெரியாது. தெரியாததாலதான் கேட்டேன்."

அவள் அதையும் கடிதத்தின் கீழே அடிக்கப் போனாள். அது கடிதத்தில் இல்லை என்று தடுத்தேன். "இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். பன்னிரண்டு மணி தாண்டி வாசலில் சைக்கிள் மணி அடித்தபோது, ஜன்னலைத் திறந்து டச்சில், "பத்து நிமிஷம் இரு, அம்மாவோட வேலைய முடிச்சிட்டு வரேன்" என்று கத்தினாள். ஜோதியின் கடிதத்தையும் முடித்துவிட்டுத்தான் போனாள். ஜோதியின் கடிதத்தில் முனியம்மா இருந்தார்.

7

மதிப்பீட்டாளர் கடிதங்களைப் படித்துவிட்டு, ஒரு கூட்டத்தை நேரில் பார்க்க விரும்புவதாக எழுதினார். பெயர் அன்னெக்கா. ஏப்ரல் முதல் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. உயரமான பெண்மணி, நரைத்த தலை, கையில் குறிப்பேடு. முரளி தோசையும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்தார். முதலில் மறுத்தவர் இரண்டாவது தோசைக்குக் குறிப்பேட்டை மூடி வைத்தார்.

திரையில் திருப்பதி வந்தது. கீழே சாலையில் பக்தர்கள் கூட்டம் ஒன்று கோவிந்தா போட்டுக்கொண்டு போக, அந்தச் சத்தம் எங்கள் சமையலறையை நிரப்பியது. என்ன போராட்டம் என்று கேட்டார் அன்னெக்கா. போராட்டம் இல்லை, சந்தோஷம் என்றேன்.

"வாங்க அன்னக்கா!" என்றாள் ஜோதி. பெயரைக் கேட்டதுமே அது அவளுக்கு அக்காவாகிவிட்டது.

அன்னெக்கா ஆங்கிலத்தில், நான் ஓரமாக உட்கார்ந்து கவனிக்கத்தான் வந்தேன், நீங்கள் வழக்கம்போல நடத்துங்கள் என்றார். வரதன் சார் கைகூப்பினார். அதே பணிவோடு, எங்கள் மேசையில் பார்வையாளர் என்று ஓர் இடம் கிடையாது, இன்றைக்கு உங்களுடைய கேஸையே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பதிவு கையில் வருகிற நேரத்தில் மதிப்பீட்டாளரையே வம்புக்கு இழுக்கிறாரே!

அன்னெக்கா பேனாவை உருட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு சொன்னார். இலையுதிர் காலத்தில் தான் ஓய்வு பெறப் போவதாகவும், தன்னோடு வேலை செய்யும் ஆறு பேரிடம் அதை இன்னும் சொல்லவில்லை என்றும், ஒவ்வொரு திங்கட்கிழமையும் சொல்ல நினைத்து, வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்துவிடுவதாகவும் சொன்னார்.

ஜோதி ஆங்கிலத்திலேயே கேட்டாள், "சொன்னா யார் வருத்தப்படுவாங்கன்னு நினைக்கிறீங்க?"

"யாரும் படமாட்டார்கள் என்றுதான் பயம்" என்றார் அன்னெக்கா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

தாமோதரன் அதுவரை அதிசயமாக வாயைத் திறக்கவில்லை. இப்போது முன்னால் சாய்ந்தார். ஆங்கிலத்தில் தொடங்கி, சரிவராமல், "ஹேமா, நான் தமிள்லயே கேக்கறேன், நீ அவங்களுக்குச் ஸொல்லு" என்றார். "மேடம், எல்லார் குரூப்பையும் நீங்க போய்ப் பாத்துக்கினு இருக்கீங்க. உங்க குரூப் எது?"

நான் அதை டச்சில் சொன்னேன். ஒரு சொல்லும் தவறாமல் வந்தது. பரீட்சையில்கூட நான் அவ்வளவு சுத்தமாக டச்சு பேசியதில்லை.

அன்னெக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அது பழக்கம், ஒருவர் யோசிக்கும்போது காத்திருப்போம். திருப்பதியில் மின்விசிறிச் சத்தம் மட்டும். கடைசியில், "இருந்தது" என்றார். "பதினோரு வருடத்துக்கு முன்னால். பிறகு மற்றவர்களுடைய குழுக்களைப் பார்க்கும் வேலை வந்துவிட்டது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முரளி மூன்றாவது தோசையை வைத்தார். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

கிளம்பும்போது வாசலில், அறிக்கை அடுத்த வாரம் தன் அலுவலகத்துக்குப் போகும், அது வேறு விஷயம் என்றார். "மே மாதம் நான் கலந்துகொள்ள உங்கள் குழுவில் யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்?"

"யாரிடமும் இல்லை" என்றேன். "எங்களுக்கு நடத்துநர் கிடையாது."

பதிவுக் கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. இரண்டு வருடமும் முழுதாக ஏற்கப்பட்டிருந்தது. ஹரிணி அதைப் படித்துவிட்டு, என்னைவிட முந்தி, தன் போனிலிருந்து படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினாள். அவளை எப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டதற்கு, "ஜோதி சித்தி சேத்தாங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

மே முதல் சனிக்கிழமை திரையில் ஒரு சன்னல் கூடுதலாக இருந்தது. அன்னெக்கா தன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை சொல்லிவிட்டாராம்.

"யாராச்சும் அழுதாங்களா அன்னக்கா?" என்று கேட்டாள் ஜோதி.

"இரண்டு பேர்" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "மூன்றாவது ஆள், ஜன்னலோரம் இருக்கும் என் மேசையைத் தனக்குக் கொடுத்துவிட்டுப் போகமுடியுமா என்று கேட்டான்."

தாமோதரன் சிரித்த சிரிப்பில் அங்கே போன் சரிந்து விழுந்து, எங்களுக்கு ஓட்டலின் கூரை மட்டும் தெரிந்தது. அந்தக் கூரைக்குப் பின்னாலிருந்து வரதன் சாரின் குரல் நிதானமாகக் கேட்டது: "அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"அன்றைக்கே இடம் மாறி உட்கார்ந்துகொண்டோம்" என்றார் அன்னெக்கா. "வெயில் என் புதிய இடத்துக்குத்தான் அதிகம் வருகிறது என்று இப்போதுதான் தெரிகிறது."